ஆயிரம் கேலனுக்கு 3 சென்: உங்கள் வீட்டுத் தொட்டியை வைத்தே 250 மில்லியன் கேலனை அளப்பது எப்படி?

பொந்தியானில் உங்கள் வீட்டுக் கூரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கடையில் வாங்கும்போது "200 கேலன்" என்று சொல்லித்தான் வாங்கியிருப்பீர்கள். மாதக் கடைசியில் வரும் தண்ணி பில்லில் கேலன் என்ற சொல்லே இருக்காது, எல்லாம் கன மீட்டர். குழாய் உடைந்து விநியோகம் தடைபட்டால் வரும் அறிவிப்பு "நாளொன்றுக்கு இத்தனை மில்லியன் லிட்டர்" என்று பேசும். மழைச் செய்தி மில்லிமீட்டரில் வரும். சிங்கப்பூருக்கு ஜொகூர் கொடுக்கும் தண்ணீரைப் பற்றிப் பேச்சு எழுந்தாலோ, மீண்டும் கேலன், அதுவும் மில்லியன் கணக்கில்.

தண்ணீர் ஒன்றுதான், அளவு மட்டும் ஐந்து விதம். இதனால் என்ன ஆகிறது என்றால், பெரிய எண் வந்த இடத்தில் நாம் கணக்குப் போடுவதை நிறுத்திவிடுகிறோம். "250 மில்லியன் கேலன்" என்று கேட்டதும் "அடேயப்பா, நிறைய" என்பதோடு சரி. "3 சென்" என்று கேட்டதும் "இவ்வளவு மலிவா?" என்பதோடு சரி. ஜொகூர் மக்களுக்கு இது வெறும் பள்ளிக்கூடக் கணக்கு இல்லை. இந்த மாநிலத்தின் ஆற்று நீர் 2061 வரை எந்த விலைக்குப் போகிறது என்பது இந்த எண்களில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கை உங்கள் வீட்டு வாளி, டிரம், தொட்டி இவற்றை வைத்தே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் ஒரே ஓர் அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கன மீட்டர் என்பது ஒரு பெட்டி. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். அதில் 1,000 லிட்டர் பிடிக்கும். தண்ணீராக இருந்தால் அதன் எடை ஒரு டன்.

இதை வீட்டுக்குள் கொண்டுவருவோம். பத்து லிட்டர் வாளியில் மொண்டால் 100 வாளி. பழைய ஆட்கள் "44 கேலன் டிரம்" என்று சொல்லும் இரும்புப் பீப்பாய் இருக்கிறதே, அதில் பிடிப்பது 200 லிட்டர், ஆகவே ஒரு கன மீட்டருக்கு ஐந்து டிரம். கேலனில் சொன்னால் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 220 கேலன். இந்தக் கடைசி எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். உங்கள் 200 கேலன் தொட்டியில் பிடிப்பது 909 லிட்டர், அதாவது ஒரு கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பில்லில் "26 கன மீட்டர்" என்று இருந்தால், அந்த மாதம் உங்கள் தொட்டி ஏறத்தாழ 29 தடவை நிரம்பிக் காலியாகியிருக்கிறது என்று அர்த்தம்.

கன அளவில் கண் நம்மை ஏமாற்றும். பக்கம் இரண்டு மடங்கானால் கொள்ளளவு இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். பக்கம் பத்து மடங்கானால் ஆயிரம் மடங்கு. பெரிய அணைகளின் கொள்ளளவைப் பார்த்து மலைத்துப் போவதற்கும், சின்னத் தொட்டியில் "நிறையப் பிடிக்கும்" என்று நம்பி ஏமாறுவதற்கும் இதுவே காரணம்.

இன்னொரு சிக்கல் எண்களின் பெயர். மலேசியாவில் மில்லியன், பில்லியன் என்று பழகிவிட்டோம். தமிழ்நாட்டுச் செய்தியில் லட்சம், கோடி. ஒரு மில்லியன் என்பது 10 லட்சம், ஒரு பில்லியன் என்பது 100 கோடி. ஆக, 250 மில்லியன் என்றால் 25 கோடி. ஊரிலிருந்து வரும் உறவினரிடம் விளக்கும்போது இந்த ஒரு படியில்தான் பலருக்கும் பூஜ்யம் கூடிப்போகும், குறைந்துபோகும்.

கேலன் ஏன் இன்னும் போகவில்லை?

மலாயாவில் கேலனுக்கு இன்னொரு பெயர் இருந்தது: கந்தாங். அரிசி அளந்த அதே கந்தாங்தான். ஆங்கிலேயர் காலத்தில் ஒரு கந்தாங் ஓர் இம்பீரியல் கேலனுக்குச் சமமாக வைக்கப்பட்டது, ஒரு கந்தாங்குக்கு நான்கு சுப்பாக். தோட்டத்தில் அரிசியைச் சுப்பாக்கில் அளந்து வாங்கிய தலைமுறைக்கு கேலன் அந்நியமான அளவு இல்லை, சோற்றுப் பானையோடு சேர்ந்த அளவு. ஒரு சுப்பாக் ஏறத்தாழ 1.14 லிட்டர்.

1972-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டம் மலேசியாவை மெட்ரிக் முறைக்குக் கொண்டுவந்தது. கடையில் கிலோவும் லிட்டரும் வந்தன. ஆனால் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான தண்ணீர் ஒப்பந்தங்கள் அதற்கு முன்பே கையெழுத்தானவை. அவற்றில் எழுதியிருப்பது கேலன். ஒப்பந்தம் மாறாதவரை அதன் அளவும் மாறாது. சிங்கப்பூரின் தண்ணீர் வாரியமான பியுபி இன்றைக்கும் "நாளொன்றுக்கு இத்தனை மில்லியன் கேலன்" என்றே பேசுகிறது. தாம்பாலத்துக்கு இந்தப் பக்கம் மில்லியன் லிட்டர், அந்தப் பக்கம் மில்லியன் கேலன்.

எந்த கேலன்?

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். நம் கேலன் இம்பீரியல் கேலன், 4.546 லிட்டர். அமெரிக்க கேலன் அதைவிடச் சின்னது, 3.785 லிட்டர். இணையத்தில் அல்லது கைப்பேசியில் "கேலன்" என்று தட்டினால் பல நேரங்களில் முதலில் வந்து நிற்பது அமெரிக்க கேலன்.

ஒரு கேலனில் வித்தியாசம் முக்கால் லிட்டர். சின்னதாகத்தான் தெரியும். 250 மில்லியன் கேலனில் அதே தவறைச் செய்து பாருங்கள். சரியான கணக்கு 1,136.5 மில்லியன் லிட்டர். அமெரிக்க கேலனை வைத்துப் போட்டால் 946 மில்லியன் லிட்டர் என்று வரும். நடுவில் காணாமல் போவது நாளொன்றுக்கு 190 மில்லியன் லிட்டர். நாலு பேர் உள்ள ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 880 லிட்டர் என்று வைத்தால், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் ஒரு நாள் தண்ணீர் அது. ஓர் அளவின் பெயரைச் சரியாகப் பார்க்காததால் இத்தனை குடும்பம் கணக்கில் இல்லாமல் போகிறது.

இறக்குமதியான தொட்டி, மீன் தொட்டி, தண்ணீர் வடிகட்டி ஆகியவற்றில் கேலன் என்று போட்டிருந்தால் பக்கத்தில் லிட்டர் எவ்வளவு என்று பாருங்கள். 100 கேலனுக்கு 455 லிட்டர் என்றால் நம் கேலன், 379 லிட்டர் என்றால் அமெரிக்க கேலன்.

பொந்தியானுக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்?

கதை தொடங்கியதே இந்தப் பக்கத்து மலையில்தான். பொந்தியானையும் கூலாயையும் ஒட்டி நிற்கும் குனோங் பூலாயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அங்கிருந்து தண்ணீர் கொண்டுபோக சிங்கப்பூர் நகராட்சி ஆணையர்கள் ஜொகூர் சுல்தான் இப்ராஹிமுடன் 1927 டிசம்பர் 5-ஆம் தேதி முதல் ஒப்பந்தத்தைச் செய்தார்கள். 2,100 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 30 சென் வாடகை. தண்ணீருக்கு விலை கிடையாது. பெருக்கிப் பாருங்கள்: மொத்த வாடகை ஆண்டுக்கு 630 வெள்ளி. பதிலுக்கு ஜொகூர் நாளொன்றுக்கு 8 லட்சம் கேலன் வரை சுத்திகரித்த தண்ணீரை ஆயிரம் கேலனுக்கு 25 சென் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். 8 லட்சம் கேலன் என்றால் 3.6 மில்லியன் லிட்டர், இன்றைய கணக்கில் சுமார் 4,000 குடும்பங்களுக்கான தண்ணீர்.

பூலாய்த் தண்ணீர் தாம்பாலத்தின் மேல் போட்ட குழாய் வழியாகத் தீவுக்குப் போனது. 1942 ஜனவரி 31-ஆம் தேதி பின்வாங்கிய பிரிட்டிஷ் படை தாம்பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது அந்தக் குழாயும் துண்டானது. இரண்டு வாரத்தில் சிங்கப்பூர் சரணடைந்தது. தண்ணீர்ப் பேச்சு என்றாலே சிங்கப்பூர் ஏன் இவ்வளவு கூர்மையாகிறது என்பதற்கு அந்த இரண்டு வாரமும் ஒரு காரணம்.

அடுத்து 1961. பூலாய் நீர்ப்பிடிப்புப் பகுதி, தெப்ராவ் ஆறு, ஸ்கூடாய் ஆறு ஆகியவற்றிலிருந்து 50 ஆண்டுகளுக்குத் தண்ணீர் எடுக்கும் உரிமை சிங்கப்பூருக்குக் கிடைத்தது. நாளொன்றுக்கு 86 மில்லியன் கேலன் வரை, அதாவது 391 மில்லியன் லிட்டர். விலை ஆயிரம் கேலனுக்கு 3 சென். அந்த ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 31-ஆம் தேதி முடிந்தது. குனோங் பூலாய், ஸ்கூடாய் சுத்திகரிப்பு நிலையங்களும், பொந்தியானிலும் தெப்ராவிலும் இருந்த நீரேற்று நிலையங்களும் ஜொகூரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆகவே பொந்தியான் பக்கத்துத் தண்ணீர் இப்போது அந்தக் கணக்கில் இல்லை.

இருப்பது 1962 செப்டம்பர் 29-ஆம் தேதி கையெழுத்தான ஒப்பந்தம். ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை, 99 ஆண்டுகளுக்கு, 2061 வரை. விலை அதே 3 சென். 1965-இல் சிங்கப்பூர் பிரிந்தபோது செய்த பிரிவினை ஒப்பந்தமே இந்த ஏற்பாட்டை உறுதிப்படுத்தியது.

250 மில்லியன் கேலன் என்பது எவ்வளவு பெரியது?

உங்கள் 200 கேலன் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 250 மில்லியனை 200-ஆல் வகுத்தால் 12 லட்சத்து 50 ஆயிரம். அத்தனை தொட்டிகளையும் ஒரே நாளில் நிரப்ப வேண்டும், மறுநாள் மறுபடியும்.

தொட்டிகளை விடுங்கள், ஒரே இடத்தில் குவித்தால்? 11 லட்சத்து 36 ஆயிரம் கன மீட்டர். ஒரு காற்பந்துத் திடலின் மேல் சுவர் எழுப்பி ஊற்றினால் 159 மீட்டர் உயரத்துக்கு நிற்கும். பொந்தியான் கெச்சிலில் கடற்கரையோரம் நின்று பார்த்தால் நாற்பது மாடி உயரத் தண்ணீர்ச் சுவர். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றுக்கு 2,500 கன மீட்டர் என்பது வழக்கமான கணக்கு, அதில் 450-க்கும் கொஞ்சம் அதிகம். சிங்கப்பூரின் ஒரு நாள் மொத்தத் தேவையாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 440 மில்லியன் கேலன். அதாவது ஒப்பந்தப்படி முழு அளவும் எடுத்தால் தேவையில் பாதிக்கு மேல் ஜொகூர் ஆறு ஒன்றே கொடுக்கும்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 250 மில்லியன் என்பது ஓடும் தண்ணீரின் கணக்கு, "ஒரு நாளைக்கு" என்ற சொல் அதோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அணையின் கொள்ளளவு தேங்கி நிற்கும் தண்ணீரின் கணக்கு, அதற்கு நாள் கிடையாது. இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதும் பதிவுகள் வாட்ஸ்அப்பில் நிறையச் சுற்றுகின்றன. சம்பளத்தையும் சேமிப்பையும் கலந்து பேசுவது மாதிரி அது.

சரி, 3 சென் கணக்குக்கு வருவோம்

250 மில்லியன் கேலன் என்றால் ஆயிரம் கேலன் கட்டுகள் 2 லட்சத்து 50 ஆயிரம். ஒவ்வொன்றுக்கும் 3 சென். மொத்தம் நாளொன்றுக்கு 7,500 ரிங்கிட். ஆண்டுக்கு 27 லட்சத்து 37 ஆயிரத்து 500 ரிங்கிட். முழு அளவும் எடுத்தால்தான் இது.

உங்கள் பில்லோடு ஒப்பிட வேண்டுமானால் கன மீட்டருக்கு மாற்றுங்கள். ஆயிரம் கேலன் என்பது 4.546 கன மீட்டர். ஆகவே ஒரு கன மீட்டர் ஆற்று நீரின் விலை 0.66 சென், ஒரு சென்கூட இல்லை. பில்லை எடுத்து ஒரு கன மீட்டருக்கு நீங்கள் என்ன கட்டுகிறீர்கள் என்று பார்த்தால் இடைவெளி புரியும்.

ஆனால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு "பார்த்தீர்களா அநியாயத்தை" என்று சொன்னால் அது பாதிக் கணக்கு. 0.66 சென் என்பது ஆற்றில் கிடக்கும் பச்சைத் தண்ணீருக்கு. உங்கள் பில்லில் இருப்பது சுத்திகரித்து, குழாயில் ஏற்றி, வீட்டு வாசல் வரை கொண்டுவந்த தண்ணீருக்கு. இரண்டும் ஒரே சரக்கு இல்லை.

மறுபாதியையும் போடுவோம். 1962 ஒப்பந்தப்படி, சிங்கப்பூர் எடுக்கும் தண்ணீரில் 2 விழுக்காடு வரை சுத்திகரித்த நீராக ஜொகூருக்குத் திரும்ப வேண்டும், ஆயிரம் கேலனுக்கு 50 சென் விலையில். 250 மில்லியனில் 2 விழுக்காடு 5 மில்லியன் கேலன். நடைமுறையில் 16 மில்லியன் கேலன் வரை கொடுத்து வருவதாக சிங்கப்பூர் சொல்கிறது. அந்த 16 மில்லியனுக்கு ஜொகூர் கட்டும் தொகை நாளொன்றுக்கு 8,000 ரிங்கிட்.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 250 மில்லியன் கேலன் பச்சைத் தண்ணீருக்கு ஜொகூருக்கு வருவது 7,500 ரிங்கிட். 16 மில்லியன் கேலன் சுத்தத் தண்ணீருக்கு ஜொகூர் கொடுப்பது 8,000 ரிங்கிட். மலேசியத் தரப்பு காட்டுவது இந்த ஒப்பீட்டைத்தான்.

சிங்கப்பூர் வேறோர் எண்ணைக் காட்டுகிறது: ஆயிரம் கேலனைச் சுத்திகரிக்கத் தனக்கு 2 ரிங்கிட் 40 சென் செலவாவதாக. அந்தக் கணக்கில் 16 மில்லியன் கேலனுக்கு 38,400 ரிங்கிட் செலவு, கையில் வருவது 8,000. மீதி 30,400 ரிங்கிட் நாள்தோறும் தன் பக்கத்துச் சலுகை என்கிறது. ஜொகூர் ஆற்றில் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்தும் செலவும், 1990 ஒப்பந்தப்படி லிங்கியூ அணையைக் கட்டிய செலவும் தன்னுடையது என்றும் சொல்கிறது.

உங்கள் வீட்டுத் தொட்டியில் இந்த மூன்று விலையையும் ஊற்றிப் பார்க்கலாம். 200 கேலன் பச்சைத் தண்ணீர் 0.6 சென். அதே தொட்டி நிறையச் சுத்தத் தண்ணீர் ஜொகூருக்கு 10 சென். சிங்கப்பூர் சொல்லும் செலவில் 48 சென். சண்டை முழுவதும் இந்த 0.6, 10, 48 ஆகிய மூன்று எண்களுக்குள் நடக்கிறது. யார் எதை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று பார்த்தாலே பாதி விவாதம் தெளிந்துவிடும்.

விலையை மாற்ற முடியுமா என்பது சட்டக் கேள்வி. 25 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபரிசீலனை செய்யலாம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. 1987-இல் கேட்காததால் மலேசியா அந்த உரிமையை இழந்துவிட்டது என்பது சிங்கப்பூரின் வாதம். மலேசியா அதை ஏற்கவில்லை. 2018-இல் மீண்டும் பிரதமரான துன் மகாதீர் இந்த விலையைக் கடுமையாக விமர்சித்தார். கணக்குப் போடத் தெரிந்ததால் மட்டும் இந்தக் கேள்வி தீராது. ஆனால் எண் தெரியாமல் பேசினால் கேள்வியே தவறிப்போகும்.

தமிழ்நாட்டுச் செய்தியில் வரும் டிஎம்சி?

காவிரிச் செய்தி பார்க்கும் வீடுகளில் இன்னொரு பெரிய அளவும் பழக்கம்: டிஎம்சி. ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது 100 கோடி கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர், நம் வாளிக்கு மூன்று வாளி போடக் கொஞ்சம் குறைவு. ஆக ஒரு டிஎம்சி ஏறத்தாழ 2,832 கோடி லிட்டர்.

ஜொகூர் ஆற்றுத் தண்ணீரை இந்த அளவுக்கு மாற்றினால், 250 மில்லியன் கேலன் வீதம் எடுத்தால் ஒரு டிஎம்சி சேர 25 நாள். ஆண்டு முழுவதும் எடுத்தால் 14.65 டிஎம்சி. சென்னைக் குடிநீருக்காக 1983-இல் ஆந்திராவோடு செய்த கிருஷ்ணா நீர் ஒப்பந்தத்தில் பேசப்பட்ட மொத்த அளவும் 15 டிஎம்சிதான். ஒரு பெரிய நகரத்தின் தாகம் எங்கே இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்து நிற்கிறது. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. அதை நிரப்ப இந்த வீதத்தில் ஆறு ஆண்டுக்கும் மேல் ஆகும்.

டிஎம்சியோடு சேர்ந்தே வரும் "கன அடி" என்ற செய்திச் சொல், வினாடிக்கு இத்தனை கன அடி என்பதன் சுருக்கம். 250 மில்லியன் கேலனை அப்படிச் சொன்னால் வினாடிக்கு 464 கன அடி. மேட்டூரில் ஆயிரக்கணக்கில் திறந்துவிடும் தண்ணீரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சிறியதாகத் தெரியும். பாசனத்துக்கு விடுவதும் குடிக்கக் கொடுப்பதும் ஒரே அளவுகோலில் நிற்பவை அல்ல.

உங்கள் கூரை மேல் பெய்வது எத்தனை சென்?

மழைக் கணக்குதான் எல்லாவற்றிலும் எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர்.

1,000 சதுர அடிக் கூரை என்பது 93 சதுர மீட்டர். மழைக்காலத்தில் ஒரு நாள் நன்றாக அடித்து 50 மில்லிமீட்டர் பெய்தால் அந்தக் கூரையில் விழுவது 4,645 லிட்டர். கேலனில் 1,022. ஒப்பந்தத்தில் சொல்லும் "ஆயிரம் கேலன்" என்பது அவ்வளவுதான். ஒரு நாள் மழைக்கு உங்கள் கூரையிலிருந்து வழிந்து கால்வாய்க்குப் போகும் தண்ணீர். 1962 விலையில் அது 3 சென்.

அதே மழைக் கணக்கை மலைக்குக் கொண்டுபோங்கள். 1927-இல் குத்தகைக்குப் போன 2,100 ஏக்கர் என்பது 8.5 சதுர கிலோமீட்டர். அதன் மேல் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 850 மில்லியன் லிட்டர், 187 மில்லியன் கேலன். இன்றைய ஒரு நாள் ஒப்பந்த அளவில் முக்கால் பங்கு. எல்லாம் அணைக்கு வந்து சேராது, காடு கொஞ்சம் குடிக்கும், மண் கொஞ்சம் குடிக்கும், வெயில் கொஞ்சம் எடுக்கும். ஆனாலும் அந்தக் காலத்து நகராட்சிப் பொறியாளர்களின் கண் ஏன் அந்த மலை மேல் விழுந்தது என்பது இப்போது விளங்கும்.

விநியோகத் தடை அறிவிப்பை எப்படிப் படிப்பது?

மலேசியாவில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு வீட்டில் செலவழிப்பது 200 லிட்டருக்கு மேல். கணக்கு வசதிக்கு 220 என்று வைப்போம். நாலு பேருக்கு 880 லிட்டர். உங்கள் 200 கேலன் தொட்டியில் பிடிப்பது 909. அதனால்தான் காலையில் குழாய் நின்றால் மறுநாள் காலை தொட்டி காலியாகிறது. ஆறு பேர் இருக்கும் வீடு என்றால் அன்று ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கே குழாய் காற்று விடும்.

இதே கணக்கில், "நாளொன்றுக்கு 1 மில்லியன் லிட்டர் குறைகிறது" என்று அறிவிப்பு வந்தால் சுமார் 1,100 குடும்பங்களின் தண்ணீர் என்று படியுங்கள். 10 மில்லியன் என்றால் 11,000 குடும்பம். குக்குப், பெனுட் மாதிரி குழாயின் கடைசியில் இருக்கும் ஊர்களுக்குத் தண்ணீர் திரும்பி வருவதும் கடைசியில்தான். அதனால் அறிவிப்பில் போட்டிருக்கும் நேரத்தோடு சில மணி நேரத்தைச் சேர்த்து டிரம்மில் பிடித்து வையுங்கள். நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு நாலரை டிரம். சிக்கனமாகப் போனால் இரண்டிலேயே ஓட்டிவிடலாம்.

மீட்டரை ஒரு தடவை பாருங்கள்

வாசலில் இருக்கும் தண்ணி மீட்டரில் கறுப்பு எண்கள் முழுக் கன மீட்டர். பில்லுக்கு எடுப்பது இவற்றைத்தான். சிவப்பு எண்களோ சிவப்பு முள்ளோ கன மீட்டரின் பின்னம். சிவப்பில் மூன்று எண்கள் இருந்தால் கடைசி எண் ஒரு லிட்டரைக் காட்டும்.

ராத்திரி எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு, தொட்டி நிரம்பிய பிறகு சிவப்பு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் தண்ணீர் தொடாமல் காலையில் மறுபடியும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டியில்தான், சத்தமே வராது. மணிக்கு 10 லிட்டர் கசிந்தால் ஒரு வாளி என்று அலட்சியமாக இருப்போம். ஒரு நாளைக்கு 240 லிட்டர், மாதத்துக்கு 7.2 கன மீட்டர். நாலு பேர் வீட்டின் மாதச் செலவே 26 கன மீட்டர்தான், அதில் கால் பங்குக்கும் மேல் யாருக்கும் பயன்படாமல் ஓடுகிறது. கட்டணம் படிப்படியாக ஏறும் முறை என்பதால் அந்த ஏழு கன மீட்டருக்கும் உங்கள் பில்லின் மேல் படி விலைதான் விழும். வால்வின் ரப்பர் வளையத்தை மாற்றச் சில வெள்ளி போதும்.